ஓடைக்கு ஒரு வண்டி

மாதையன் அந்தக் கல்குவாரிக்கு வண்டி பழக வந்த நாளிலிருந்து ஒருநாள்கூடச் சிரித்ததில்லை. காலையில் கோபம்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வரும். சாயங்காலம் கோபம்தான் வீட்டில் கொண்டுபோய் விடும்.

வயசு ஐம்பத்திரண்டு. முப்பது வருஷம் லாரி ஓட்டியவன். நாமக்கல்லில் ஏற்றி நாக்பூரில் இறக்கியவன். மோட்டார் சைக்கிள் என்றாலே லாரிக்குக் குறுக்கே ஓடுகிற கொசு என்று முப்பது வருஷமும் வைதவன். இரண்டு சக்கரத்தில் அவனுக்குத் தெரிந்தது மிதிக்கிற சைக்கிள் ஒன்றுதான்.

சொல்லிக்கொடுத்தவள் ஜெசிந்தா. முப்பத்தொரு வயசு. கல் வெட்டி முடித்துக் கைவிட்டுப் போன குவாரியை எடுத்து, மேடும் பள்ளமும் போட்டு, ரோடு இல்லாத இடத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். பந்தயத்துக்குப் போகிறவர்களும் பெங்களூர் ஆபீஸ்காரர்களும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாதையன் மட்டும் 'ஏம்மா' என்பான்.

முதல் நாள் அவள், "வாங்கண்ணா" என்றாள்.

"அண்ணான்னு கூப்புடாத. அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"சரிங்க டிரைவரே."

அன்றிலிருந்து டிரைவர்தான்.

பத்தாம் நாள் காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் பத்து லிட்டர் டீசல் கேன்.

"பழகுனது போதும். இன்னிக்கு வண்டியோடதான் போவேன். எந்த வண்டிம்மா நான் வாங்கறது?"

"எங்க போறதுக்கு?"

"அதான் அன்னிக்கே சொன்னனே. என் காட்டுக்கு."

"இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னான். சொல்லச் சொல்ல அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

அப்பா போன பிறகு பாகம் பிரித்தார்கள். கீழ்க்காடு அண்ணன் சென்னப்பனுக்கு. மேட்டுக்காடு மாதையனுக்கு. மேட்டுக்காட்டுக்குப் போகிற பாதை கீழ்க்காட்டின் நடுவே போகும். தாத்தா காலத்திலிருந்து மாட்டுவண்டி போன பாதை. போன தை மாசம் சென்னப்பன் அதற்குக் குறுக்கே வேலிக்கல் நட்டு, கம்பி இழுத்து, கேட் வைத்துப் பூட்டிவிட்டான்.

"போய்க் கேட்டா, பத்திரத்துல பாதை எழுதலியே, படிச்சுப் பாருங்கறான். கையெழுத்துப் போடற அன்னிக்கு நான் குஜராத்துலருந்து வந்து எறங்கி மூஞ்சிகூடக் கழுவல. நீ படிச்சுட்டியாண்ணான்னு கேட்டேன். படிச்சுட்டேன், நீ போடுன்னான். போட்டேன்."

ஜெசிந்தா அவன் கையிலிருந்த கேனைப் பார்த்தாள்.

"இப்ப ஓடை வழியாத்தான் போகணும். மூணு கிலோமீட்டர். பூராக் கல்லு. கிளட்ச் மிதிச்சு மிதிச்சு முட்டி போச்சு எனக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் கெணத்து இஞ்சினுக்கு டீசலத் தூக்கிட்டு எப்புடி நடப்பேன்? நூத்தி எம்பது மாங்கன்னு வெச்சிருக்கேன். பதினாலு காஞ்சு போச்சு. இன்னும் பங்குனி வெயிலே வரல."

குரல் இறங்கியது.

"இஞ்சினப் போட்டா டுபுடுபுன்னு சத்தம் வரும் பாரு, அதக் கேட்டதும் கன்னுங்க தலையத் தூக்கற மாதிரி இருக்கும். இப்பப் போனா அதுங்களப் பாக்கவே முடியலம்மா."

"ஓடை எங்க ஆரம்பிக்குது?"

"அந்தப் பாவி வூட்டுக் கொல்லப்பக்கம்." மறுபடி குரல் ஏறிவிட்டது.

அவள் எழுந்து ஷெட்டைத் திறந்தாள்.

விற்க இரண்டு வண்டி நின்றது. ஒன்று சின்னது. நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். டேங்க் நசுங்கி, உடைந்த பக்கத் தகடைக் கம்பி போட்டுத் தைத்திருந்தது. ஒன்பது நாளாக மாதையன் விழுந்து எழுந்தது அதில்தான். அதை அவன் திரும்பியே பார்க்கவில்லை.

மற்றது கறுப்பு. நானூற்றைம்பது சிசி. இருநூறு கிலோவை எட்டும். சீட்டு அவன் இடுப்புக்கு மேலே நின்றது. சைலன்ஸரை வேறு மாற்றி வைத்திருந்தது.

ஏறி உட்கார்ந்தான். கால் நுனி மட்டும் தரையைத் தொட்டது. பட்டனை அழுத்தினான்.

குவாரிப் பாறையில் அடைந்திருந்த மாடப்புறா அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பிப் பறந்தது.

மாதையன் சிரித்தான். பத்து நாளில் முதல் தடவை.

"இதும்மா! இதுல அவன் கொல்லையில போனேன்னு வையி, செவுத்துல மாட்டுன போட்டோ கீழ விழணும். சோத்துக் கையோட எந்திரிச்சு ஓடியாரணும்!"

"கால் எட்டல, டிரைவரே."

"எட்டும். ஒசரமா பூட்ஸ் வாங்கிக்கறேன். யாருது இது?"

"என்னுதுதான்."

"எதுக்கு விக்கற?"

அவள் ஏதோ சொன்னாள். அவன் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தான். வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

அவன் ஆசை தீர முறுக்கி அணைக்கிற வரைக்கும் நின்றாள். அப்புறம் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, பஞ்சைக் கிள்ளி, இரண்டு உருண்டை உருட்டினாள்.

"காதுல வெச்சுக்கங்க."

"என்னாத்துக்கு?"

"எந்த வண்டின்னு கேட்டீங்களே."

"அதுக்கும் காதுக்கும் என்னம்மா? வெளையாட்டா இருக்குதா உனக்கு? நான் எரிஞ்சுக்கிட்டு நிக்கறேன்."

"பதில் வேணும்னா வைங்க. வேணாம்னா இந்தச் சாவியோட கெளம்புங்க."

பிடுங்கி, அடைக்கிற ஆத்திரத்தில் காது வலிக்க அடைத்துக்கொண்டான். மேலே ஹெல்மெட்டைப் போட்டான்.

குவாரிக்குக் கீழே ஒரு காய்ந்த ஓடை. ஒரு பர்லாங்கு தள்ளி, ஓடை திரும்புகிற இடத்தில் ஒரு புங்கமரம். அவள் மரத்தைக் காட்டினாள். போய்த் தொட்டுவிட்டு வா என்று கையால் சொன்னாள். கரையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாதையன் கறுப்பு வண்டியைக் கிளப்பினான்.

சத்தம் இல்லை. பக்கத்து ஊரில் ஏதோ மில் ஓடுகிற மாதிரி எங்கேயோ கேட்டது. அவன் மூச்சு மட்டும் காதுக்குள் துருத்தி ஊதுகிற மாதிரி பெரிசாகக் கேட்டது. முறுக்கிப் பார்த்தான். வண்டி துள்ளியது. சத்தம் மட்டும் வரவில்லை.

சத்தம் போன பிறகு வண்டியில் மிச்சம் இருந்தது எடைதான்.

நாற்பதடி போகவில்லை. கல் மேல் ஏறிச் சாய்ந்தது. கால் ஊன்றினான். அந்தப் பக்கம் பள்ளம். எட்டவில்லை. விழுந்தான்.

அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, காலால் உந்தித் தூக்கினான். நின்றது. முப்பதடியில் மறுபடி விழுந்தான். தூக்கினான். முட்டிக்குள் யாரோ ஆணி அடித்தார்கள்.

மூன்றாவது தடவை விழுந்தபோது வண்டி ஒரு சாண் எழுந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டது. இன்னொரு தரம் தூக்கினான். அசையவில்லை. எட்டி உதைத்தான். கால் கட்டைவிரல்தான் கன்றிப்போனது.

பெட்ரோல் வாடை அடித்தது. ஒரு கல்லில் உட்கார்ந்து, வண்டியை வைதான். கல்லை வைதான். அவளை வைதான். அப்புறம் அண்ணனை வைதான். புங்கமரம் எங்கேயோ நின்றது.

ஜெசிந்தா இறங்கி வந்தாள். இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். அவள் அதைக் கரைக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். சின்ன வண்டியின் சாவியை அவன் கையில் வைத்தாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். காதில் பஞ்சு. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஏறினான்.

முதல் தடவை விழுந்த இடம் வந்தது. சாய்ந்தது. கால் தரையில் ஊன்றி நின்றது. உந்திக்கொண்டு போனான். அப்புறம் இரண்டு தடவை விழுந்தான். ஹேண்டிலைப் பிடித்து நிமிர்த்திப் போய்க்கொண்டே இருந்தான். புங்கமரம் வந்துவிட்டது.

தொட்டான். மரத்தடி மணல் ஈரமாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தான். அடியில் தண்ணீர். மேட்டுக்காட்டுக் கிணற்றிலும் தண்ணீர் இருக்கிறது, இருந்தும் பதினாலு கன்று காய்ந்தது என்று நினைத்தான். அதற்கும் கோபம் வந்தது.

திரும்பும்போது விழவில்லை.

கரைக்கு வந்ததும் பஞ்சைப் பிடுங்கி எறிந்தான்.

"தெரியும்! நீ இதத்தான் சொல்லுவேன்னு வந்த அன்னிக்கே தெரியும். முட்டி போன கெழவனுக்கு இது போதும்னு!"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"இதோட சத்தத்தக் கேட்டியா? தையல் மிஷினு! அவன் கொல்லையில கயித்துக் கட்டில் போட்டு ரேடியோ கேட்டுக்கிட்டுப் படுத்திருப்பான். திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். வேலியப் போட்டு என்னை வெளிய தள்ளிட்டான், நான் எலி மாதிரி பின்னால ஊந்துக்கிட்டுப் போகணுமா?"

ஹெல்மெட்டைத் தரையில் அடித்தான். அது உருண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது.

ஜெசிந்தாவின் முகம் மாறியது.

"எடுங்க அத."

அவன் எடுக்கவில்லை.

"எடுங்கன்னு சொன்னேன்."

இறங்கிப் போய் எடுத்தான். சட்டையில் துடைத்தான்.

"பெரிய வண்டிய மூணாந்தடவ யாரு தூக்குனா?"

"நீயும் வந்து பிடிச்ச."

"மேட்டுக்காட்டு ஓடையில நான் இருப்பனா?"

மாதையன் ஹெல்மெட்டை மறுபடி துடைத்தான்.

"உங்க அண்ணன் வூட்டுக் கொல்லையிலதான ஆரம்பிக்குது? விழுந்ததும் அவரையே கூப்புடுங்க. வண்டிச் சத்தம்தான் நல்லாக் கேக்குமே அவருக்கு, வந்து தூக்கி வுடுவாரு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் மாதையனுக்குக் கை நீண்டிருக்கும். ஹெல்மெட்டை மடியில் வைத்துக் கல்லில் உட்கார்ந்தான். புறாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து பாறையில் அடைந்தன. ரொம்ப நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காத்தால என்னமோ சொன்னியே. பெரிய வண்டிய எதுக்கு விக்கறன்னு கேட்டதுக்கு. விழல எனக்கு."

"எனக்குப் பேசி முடிச்ச வூடு ஒண்ணு. பொம்பள வண்டி ஓட்டறது புடிக்கல, கல்யாணம் வேணாம்னு ஆள் வுட்டுச் சொல்லிட்டாங்க. இருந்த வண்டிய வித்துட்டு இத வாங்குனேன். சைலன்ஸர மாத்துனேன். தெனம் ரெண்டு தடவ அந்தத் தெருவுல போவேன். அவங்க வாசல்ல நின்னு ஒரு முறுக்கு. ஒரு வருஷம்."

"வந்து பாத்தாங்களா?"

"ஒருநாள் கதவத் தெறந்துக்கிட்டு ஒரு அம்மா வந்துச்சு. இடுப்புல கைக்கொழந்த. 'யாரும்மா நீ? உன்னால இந்தப் புள்ள ஒரு வருஷமாத் தூங்கல'ன்னு அழுவுது. அவங்க புதுசாக் குடி வந்தவங்க. நான் வண்டி வாங்கறதுக்கு முந்தின மாசமே அந்த வூட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களாம்."

மாதையன் சிரிக்கவில்லை.

"போன எடத்தத் தேடிப் போனியா?"

"அட்ரஸ் கெடச்சுது."

"போனியான்னு கேக்கறேன்."

"அன்னிக்கு நல்ல மழை. இங்க டிராக்ல இடுப்பளவு தண்ணி நின்னுச்சு. வாய்க்கால் வெட்டி வுடப் போயிட்டேன்."

"அடுத்த நாளு?"

"அடுத்த நாளும் வெட்டுனேன்."

வெயில் ஏறிவிட்டது. மாதையன் எழுந்தான். கறுப்பு வண்டியின் கிட்டே போனான். டேங்க்கில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் சின்ன வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஒரே உதையில் கிளப்பினான். கோபம் அந்த உதையில் இருந்தது.

ஜெசிந்தா டீசல் கேனை எடுத்து வந்து, பின்னால் வைத்து ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டினாள். ஆட்டிப் பார்த்தாள். இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

வண்டி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. பாறையில் ஒரு புறாவும் அசையவில்லை. அதைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது.

"அவனுக்குக் கேக்கவே கேக்காதே, மாஸ்டர்."

அவள் கயிற்றின் கொக்கியை மாட்டினாள்.

"கன்னுங்களுக்குக் கேக்கும், டிரைவரே."