அரசர் வாய்க்கு ஒரு கல்

“இன்னும் கொஞ்சம் திறந்துகொள்ளுங்கள், அரசே” என்றார் பல் வைத்தியர்.

அரசர் கோமாறர் வாயை அகலத் திறந்தார். துளையூசி முன்பல்லைத் தொடும் நேரத்தில் அவைப்புலவர் வெண்காடர் இருமினார்.

அரசர் வாயை மூடாமலே ஏதோ கேட்டார். யாருக்கும் புரியவில்லை.

“என்ன இருமல் என்று கேட்கிறார்” என்றார் அமைச்சர் வல்லபர். அரசர் பேசாததையும் புரிந்துகொள்வது அவர் வேலை.

“சந்தேகம், அரசே. அந்தக் கல் அசல்தானா என்று.”

வெள்ளித் தட்டில் பாதித் துவரம்பருப்பு அளவில் ஒரு படிகக் கல் கிடந்தது. போன மாதம் கடல் கடந்து வந்த தூதர் ஒருவர் பல்லில் கல் பதித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து அரசர் சிரிக்கவில்லை. கல் பதிக்காமல் இனிச் சிரிப்பதில்லை என்று இருந்தார். கடைசியில் வல்லபர்தான் பரஞ்சோதி என்ற கல் வணிகரைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அரசர் வாயை மூடினார். “வெண்காடரே, கல்லைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?”

“ஒன்றும் தெரியாது.”

“பிறகு எதை வைத்துச் சந்தேகம்?”

“கொஞ்சம் அதிகமாக மின்னுகிறது.”

“மின்னாத கல்லைப் பதிக்கச் சொல்கிறாரா?” என்றார் வல்லபர். “அதற்கு ஒரு சோற்றுப் பருக்கை போதுமே!”

அவை சிரித்தது. அரசரால் சிரிக்க முடியவில்லை. அதனால் கோபம் வந்தது.

“கல்லை ஒட்ட வைத்தியர் அரக்கை உருக்கி முடிப்பதற்குள் இது போலி என்று காட்டும். உடைக்கக் கூடாது, கீறக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. முடியாவிட்டால் உம்முடைய முன்பல்லைப் பிடுங்கச் சொல்வேன்.”

வைத்தியர் அரக்குக் கிண்ணத்தை அடுப்பில் வைத்தார். பல் பிடுங்கும் குறடு ஒன்றையும் எடுத்துத் துடைத்து வைத்தார். வெண்காடர் நாக்கால் முன்பல்லை ஒருமுறை தடவிக்கொண்டார். பாட்டுச் சொல்லிப் பிழைப்பவருக்கு அது தேவையான பல்.

“அமைச்சரே, நீங்கள் சொல்லுங்கள். கல் எப்படி?” என்று வெண்காடர் கேட்டார்.

“அருமையான கல். இதைவிட நல்லது எங்கும் கிடைக்காது.”

“எல்லோரும் கேட்டீர்களா?” என்றார் வெண்காடர்.

அவையினர் எல்லோரும் அமைச்சரின் வாயைப் பார்த்தார்கள்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. அரசருடைய பாட்டனார் காலத்தில், மிகவும் புகழப்பட்ட ஒரு பாயசத்துக்குப் பிறகு வந்த வழக்கம். அரசர் வாய்க்குள் போகும் பொருளை யார் நல்லது என்று சொல்கிறாரோ, அவர் அதை முதலில் தன் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் மூன்று தலைமுறையாக அங்கே யாரும் எந்தப் பண்டத்தையும் புகழ்ந்ததில்லை. விருந்துகளில் இலையைப் பார்த்துக் குனிந்தபடி மௌனமாகச் சாப்பிட்டு எழுந்தார்கள். சமையல்காரர்கள் மனம் வெறுத்துப்போயிருந்தார்கள்.

“அது சாப்பாட்டுக்கு” என்றார் வல்லபர்.

“வழக்கத்தில் சாப்பாடு என்று இல்லையே. அரசர் வாய்க்குள் போவது என்றுதான் இருக்கிறது. பல் எங்கே இருக்கிறது?”

அரசர் விரலால் தொட்டுப் பார்த்தார். “உள்ளேதான்” என்றார்.

“எச்சிலாகிவிடுமே, அரசே!” என்றார் வணிகர் பரஞ்சோதி. அதுவரை அவர் பேசவே இல்லை.

“கழுவிக்கொள்ளலாம்” என்றார் அரசர்.

“எனக்கென்ன பயம்?” என்று வல்லபர் கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். வெண்காடரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அரக்கு இளக ஆரம்பித்தது.

“இனிப்பு மிட்டாய் போல ஒதுக்கி வைத்திருக்கிறார்” என்றார் வெண்காடர். “நன்றாக ஊறட்டும். அரசர் வாயில் ஆயுள் முழுக்க ஊறப்போகிறதே.”

பரஞ்சோதி அமைச்சரின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஐயா, எச்சிலை மட்டும் விழுங்க வேண்டாம்” என்றார் மெதுவாக.

வல்லபர் விழுங்கினார்.

“ஏன் விழுங்கக் கூடாது?” என்று கேட்டார் வெண்காடர்.

“ஒன்றுமில்லை. சும்மா சொன்னேன்.”

“அமைச்சரே, சும்மாதானாம். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் கொஞ்சம் உருட்டிப் பாருங்கள்.”

வல்லபர் உருட்டினார். கடக் என்று ஒரு சத்தம் கேட்டது.

“கடிக்காதீர்கள்!” பரஞ்சோதி ஓடிப்போய் அமைச்சரின் தாடையைப் பிடித்துக்கொண்டார். “துப்புங்கள் ஐயா, துப்புங்கள்! பின்பக்கம் பாதரசம் பூசியிருக்கிறது! வெறும் கண்ணாடி ஐயா, அந்தப் பூச்சில்தான் மின்னுகிறது!”

வல்லபர் துப்பினார். கல் தரையில் உருண்டு அரசர் காலடியில் நின்றது. அப்போதும் மின்னியது.

அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல் இல்லாத பல்லோடு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வைத்தியர் கிண்ணத்தை அடுப்பிலிருந்து இறக்கினார். வல்லபர் மட்டும் வாய் கொப்பளிக்கச் சொம்பும் கையுமாக வாசலுக்குப் போனார்.

“அசலை எப்படித்தான் தெரிந்துகொள்வது?” என்று அரசர் வணிகரைக் கேட்டார்.

“அசல் படிகம் நாக்கில் சில்லென்று இருக்கும், அரசே. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். கண்ணாடி உடனே சூடாகிவிடும்” என்றார் பரஞ்சோதி. அவரைக் காவலர்கள் அழைத்துப் போனார்கள்.

“கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றீரே, வெண்காடரே?”

“இப்போதும் தெரியாது, அரசே. விற்றவருக்குத் தெரிந்திருக்கும் என்று மட்டும் தெரியும்.”

அரசர் மறுபடி சிரித்தார். கழுத்து மாலையிலிருந்து பெரிய படிகம் ஒன்றைக் கழற்றி நீட்டினார். “வைத்துக்கொள்ளும். எங்கள் பரம்பரைக் கல்.”

வெண்காடர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவை கை தட்டியது.

வெளிவாசல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவர் நின்றார். கல்லை நாக்கில் வைத்தார். சில்லிப்பு உடனே போய்விட்டது. எடுத்தார். பிறகு குனிந்து, இரண்டு கை தண்ணீர் அள்ளி வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.