கடைசி வீட்டுத் தண்ணீர்

ஒரு குன்றின் சரிவில் சிற்றூர் ஒன்று இருந்தது. குன்றின் மேல் ஒரு சுனை. சுனைக்குக் கீழே ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து புறப்பட்ட இரும்புக் குழாய் மேலத்தெரு வழியாகச் சரிவில் இறங்கி அடிவாரத்து வீடுகளோடு முடிந்தது. அந்தத் தண்ணீருக்குப் பொறுப்பாளர் சிதம்பரதாணு.

பொறுப்புக்கு வந்த வருஷமே, வீட்டுக்கு வீடு வசூலித்துவந்த பராமரிப்புப் பங்கை அவர் நிறுத்திவிட்டார். “தண்ணிக்குக் காசு வாங்குற பாவம் நமக்கு வேண்டாம்” என்றார். தொட்டியில் வால்வு கெட்டால் கைக்காசைப் போட்டு மாற்றுவார். குழாயை மாற்றுவது கைக்காசால் ஆகிற காரியமில்லை. அதனால் அந்தப் பேச்சை அவர் எடுப்பதே இல்லை.

ஊர் அவரைத் தர்மவான் என்றது. பல வருஷம் கழித்து, கோயில் கொடை விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

போர்த்திய ஆடையோடு மேலத்தெரு மடத்துக்கு வந்தார். அங்கே இருந்த உமையாள் அம்மைக்கு அவருடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவர் குருவாக வரித்துக்கொண்டது அவளைத்தான்.

விழுந்து வணங்கிவிட்டுக் கேட்டார். “அம்மா, தானத்துல பெரிசு தண்ணீர் தானந்தானே?”

“தாகமா இருக்கு” என்றாள் அம்மை.

அவர் பானையை நோக்கி ஓடினார்.

“இங்க வேண்டாம். கீழ போய்க் குடிப்போம், வாங்க.”

இருவரும் சரிவில் இறங்கினார்கள். வழியில் வாசலுக்கு வாசல் வீட்டுக்காரர்கள் தண்ணீர்ச் செம்பை நீட்டினார்கள். அம்மை தலையசைத்துவிட்டு நடந்தாள். தாணுவுக்குக் கால் வலித்தது. அடிவாரத்துக்கு வந்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்தார், நினைவுக்கு வரவில்லை.

கடைசி வீட்டில் ஆறுமுகவடிவு முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

“குடிக்கத் தண்ணி தாம்மா” என்றாள் அம்மை.

வடிவின் முகம் மாறியது. “மோர் தாரேனே.”

“தண்ணி போதும்.”

“எலுமிச்சம்பழம் இருக்கு. ஒரு நிமிஷத்துல பிழிஞ்சிருவேன்.”

“தண்ணி போதும்மா.”

வடிவு உள்ளே போனாள். திரும்பி வர நேரமாயிற்று. கதவிடுக்கு வழியாகத் தாணுவுக்கு அடுப்படி தெரிந்தது. குடத்து வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி வடித்துக்கொண்டிருந்தாள். துணி செங்கல் நிறமாகியிருந்தது. அதை அவிழ்த்துவிட்டு வேறொன்றைக் கட்டி மறுபடி வடித்தாள்.

இரண்டு பித்தளை டம்ளர்களில் தண்ணீர் வந்தது.

“கண்ணாடி டம்ளர்ல தந்தா நிறம் தெரியும்” என்றாள் வடிவு, தலையைக் குனிந்துகொண்டு. “மன்னிச்சிருங்க. வீட்டுக்கு வாரவங்களுக்குக் குடுக்கவே கூச்சமா இருக்கு. எம்மகளைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்குப் பக்கத்து ஊர்ல போய்த் தண்ணி எடுத்துட்டு வந்தேன்.”

அம்மை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

தாணு டம்ளரை வாயருகே கொண்டுபோனார். துரு வாடை. கை அங்கேயே நின்றது.

“என்கிட்ட ஏம்மா சொல்லலை?”

“உங்ககிட்டயா?” வடிவு பதறினாள். “ஒரு காசு வாங்காம தர்மத்துக்குப் பாக்குறீங்க. தர்மத்துல போய்க் குறை சொல்லலாமா ஐயா? எங்க வாய் அழுகிரும்.”

அவர் கையில் டம்ளர் அப்படியே இருப்பதை அவள் பார்த்துவிட்டாள். “வேண்டாம், வச்சிருங்க. நான் மோரே கொண்டு வாரேன்.”

தாணு கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். தன் வீட்டுத் தண்ணீருக்குத் தான் கூசி நிற்கும் அந்தப் பெண்ணை அவரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

திரும்பி ஏறும்போது பொன்னாடையை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மறுவாரம் ஊரைக் கூட்டினார். குழாய் முழுக்கத் துருவேறிப்போயிற்று, மாற்ற வேண்டும், இனி எல்லா வீடும் பங்கு போட வேண்டும் என்றார்.

“எங்க வீட்ல தண்ணி நல்லாத்தானே வருது?” என்றார் மேலத்தெருக்காரர் ஒருவர்.

“என் வீட்லயும் நல்லாத்தான் வந்தது” என்றார் தாணு. “அதனாலதான் எனக்குத் தெரியாமப் போச்சு. தப்பு என்னோடது.”

“இத்தனை நாள் பாவம்னீரு. இப்பத் தண்ணி வியாபாரமா?”

சிரிப்பு எழுந்தது. கொடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டவரும் சிரித்தார். தாணுவின் காது மடல் கொதித்தது. ஆனால் உட்காரவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து போன பிறகும், மிச்சமிருந்தவர்களிடம் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். அடிவாரத்துக்காரர்கள்தான் முதலில் சரி என்றார்கள். முணுமுணுத்துக்கொண்டே, ஒவ்வொரு வீடாக, மேலத்தெருவும் வந்தது.

கூட்டம் முடிந்து மடத்துக்குப் போனார்.

“ஊர் ஒத்துக்கிட்டது, அம்மா. ஒரே ஒரு விஷயம். ஆறுமுகவடிவு வீட்ல மட்டும் பங்கு வாங்க வேண்டாம்னு நினைக்கிறேன். அவங்களுக்கு நான் பண்ணினதுக்கு, அதையாவது நானே போட்டுடறேன்.”

“அவங்க முடியாதுன்னாங்களா?”

“இல்லை. முதல்ல கொண்டுவந்து நீட்டினதே அவங்கதான். எனக்குத்தான் வாங்கக் கை வரலை.”

“வாங்குங்க.”

“எந்த முகத்தோட அம்மா வாங்குவேன்?”

“இந்த முகத்தோடதான்” என்றாள் அம்மை. “நாளைக்குக் கலங்கல் வந்தா, அவங்க உங்க வாசல்ல நின்னு சத்தம் போடணும்.”