இசக்கியம்மாளின் கடைவாய்ப் பல்

"மேடம், ஒரே வார்த்தையில சொல்லிருங்க. கஷாயமா, ரசாயனமா?"

கேட்டவர் டாக்டர் சங்கரபாண்டியன். வயது ஐம்பத்தாறு. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருபத்தெட்டு வருஷமாகப் பல் ஆஸ்பத்திரி வைத்திருப்பவர்.

அவர் எதிரே உட்கார்ந்திருந்தது டாக்டர் ஜமீலா. அவரைவிடப் பதினேழு வயது சின்னவர். பல் வேர் சிகிச்சையில் கெட்டிக்காரி. தொழிலில் இருக்கும் டாக்டர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுப்பார். சங்கரபாண்டியன் மூன்று வருஷமாக அதில் முதல் பெஞ்சு.

வயசுக்கு அவர் அண்ணாச்சி. பாடத்துக்கு ஜமீலா குரு. இரண்டு பேருக்கும் அதில் வருத்தமில்லை.

"எந்தப் பல்லு அண்ணாச்சி?"

"பல்லை விடுங்க. பொதுவாக் கேக்கேன்."

"பொதுவா யாருக்கும் பல்லு வலிக்கிறதில்ல."

சங்கரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடி துடைத்தார்.

"வீட்டுக்காரி பல்லு."

"மதினிக்கா?"

"மேல் கடைவாய். மூணு தடவை கழுவியாச்சு. வலி போகல."

வேருக்குள் நூல் கனத்துக்குக் குழாய் ஓடும். உள்ளே அழுகின சதையை வழித்து, கிருமி சாகக் கழுவி, அடைத்துவிட்டால் பல் பிழைக்கும். கழுவுவதில்தான் எல்லாம். சங்கரபாண்டியன் முதல் தடவை ஹைப்போ விட்டார். பிளீச்சிங் வாடை அடிக்கிற ரசாயனம். கேட்கவில்லை. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் போட்டுக் காய்ச்சிய கஷாயம் அதைவிட நல்லது என்று எங்கோ படித்தார். அதை விட்டார். அதற்கும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை முதலில் அது, பிறகு இது.

"சனிக்கிழமை பிடுங்கணும்ங்கா. அதையும் நான் பிடுங்கக் கூடாதாம். வேற டாக்டர்கிட்ட சொல்லி வச்சிட்டா."

"ஏனாம்?"

"என் கையில அவசரம் ஜாஸ்தியாம்."

ஜமீலா சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கினது தெரிந்தது.

"சிரிங்க மேடம். ஊர்ப் பல்லை எல்லாம் காப்பாத்துனவன். சொந்தப் பொண்டாட்டி இன்னொருத்தன்கிட்டப் போயி வாயைத் தொறக்கப் போறா. அதான் கேக்கேன். எது உசத்தி?"

ஜமீலா மேஜையில் இருந்த தூக்குவாளியைக் காட்டினார். மூடியிருந்தது.

"வழியில ஒரு பனங்காய் வெட்டி வாங்கினேன் அண்ணாச்சி. அதுல எத்தனை நுங்கு இருக்கும்?"

"மூணு."

"தொறந்து பாத்தீங்களா?"

"பனங்காய்க்கு மூணு கண்ணு. இதுல பாக்க என்ன இருக்கு?"

"நாளைக்கு மதினியைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பாட்டிலையும் கொண்டாங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"நுங்கு சாப்பிட்டுப் போங்க."

அவர் சாப்பிடவில்லை. கோபம்.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜமீலாவின் ஆஸ்பத்திரி. இசக்கியம்மாள் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"மூணு வாரமா எம் பல்லுக்கு அபிசேகம் நடக்கு டாக்டரம்மா. ஒரு நாள் தண்ணி, ஒரு நாள் கஷாயம். சாமி இன்னும் கண்ணைத் தொறக்கல. இதுல கஷாயத்தைக் காய்ச்சி வடிகட்டினதும் நான்தான்."

"எங்க வலிக்கு மதினி?"

இசக்கியம்மாள் கணவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"காபி சூடாப் பட்டா அண்ணத்துப் பக்கமா ஒரு ஓரத்துல சுரீர்ங்கு. இவுககிட்டயும் மூணு தடவை சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"மூணு தடவையும் 'வாயைத் தொற'ன்னாக."

"அங்க ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் சங்கரபாண்டியன். "எக்ஸ்ரே படத்துல மூணு குழாய். மூணையும் கழுவிட்டேன்."

ஜமீலா நாற்காலியை நன்றாகச் சாய்த்து, தலையைப் பின்னால் தாழ்த்தி, ஊசி போட்டார். மரத்தது. பல்லைச் சுற்றி ரப்பர் திரையை மாட்டினார். இசக்கியம்மாளின் பேச்சு நின்றது. மேலே அடைத்திருந்த தற்காலிகச் சிமெண்டைச் சுரண்டி எடுத்தார். பல்லுக்குள் சின்னக் குழி. அதன் தரையில் மூன்று துளை.

"எதை விடலாம் அண்ணாச்சி?"

சங்கரபாண்டியன் கஷாயத்தைத் தொட்டார். அது மனைவி காய்ச்சியது.

ஜமீலா அதில் கொஞ்சம் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி விளக்கடியில் பிடித்தார்.

"அடி தெரியுதா?"

"கஷாயத்துல எப்படி அடி தெரியும்?"

"அப்போ இதுக்கு வேலை அப்புறம்."

ஹைப்போவை எடுத்துச் சொட்டுச் சொட்டாகக் குழிக்குள் விட்டார். குழி நிறைந்தது. கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவு.

சங்கரபாண்டியன் கையில் உறிஞ்சுகுழாய் தயாராக இருந்தது. ஊற்று, உறிஞ்சு, ஊற்று, உறிஞ்சு. இருபத்தெட்டு வருஷக் கை. அது தானாக நீண்டது.

ஜமீலா அந்தக் குழாயைப் பிடுங்கித் தள்ளி வைத்தார். காலியான கையில் இசக்கியம்மாளின் கையை எடுத்து வைத்தார். மறு கையில் வாய்க்கண்ணாடியைக் கொடுத்தார்.

"பாருங்க."

"எதை?"

ஜமீலா விளக்கைக் குழிக்கு நேரே திருப்பினார்.

சங்கரபாண்டியன் முதலில் பார்த்தது கையைத்தான். மனைவியின் நகக்கண் ஐந்தும் கறுத்திருந்தன. கடுக்காய்க் கறை. வடிகட்டி வடிகட்டிப் பிடித்த கறை. வீட்டில் தினமும் அந்தக் கையால்தான் சோறு வாங்கிச் சாப்பிடுகிறார். இப்போதுதான் கண்ணில் பட்டது.

பிறகு குனிந்து குழியைப் பார்த்தார்.

அரை நிமிஷம்.

"மேடம்..."

"ம்ஹூம்."

ஒரு நிமிஷம். கழுத்து வலித்தது. கால் மாற்றி நின்றார். மூன்று துளையும் சும்மா கிடந்தன. கழுவின இடம், சுத்தமாக இருந்தது.

"ஒண்ணும் இல்லை பாத்தீங்களா. நான்தான் சொன்னேனே..."

இசக்கியம்மாளின் கை அவர் கையை ஒரு அமுக்கு அமுக்கியது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

அப்போது ஒரு குமிழி வந்தது.

மூன்று துளையிலிருந்தும் இல்லை. முதல் துளையைத் தாண்டி, அண்ணத்துப் பக்கமாக, ஒன்றுமே இல்லாத வெள்ளைத் தரையிலிருந்து. மணல் மணி அளவுகூட இல்லை. மேலே வந்து உடைந்தது.

சங்கரபாண்டியன் இன்னும் குனிந்தார்.

இன்னொன்று. அதே இடம். அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாக, உலை கொதிக்கத் தொடங்குகிற மாதிரி, ஊசிமுனை அளவு இடத்திலிருந்து சரம் சரமாக.

சதை மிச்சம் இருக்கிற இடத்தில் ஹைப்போ பட்டால் நுரைக்கும். இது அவருக்குத் தெரியாததல்ல. காலேஜில் படித்த பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறார்.

"நாலாவது," என்றார்.

ஜமீலா மயிரிழை போன்ற ஊசி ஒன்றை எடுத்து, குமிழி வந்த இடத்தில் மெல்ல ஊன்றினார். உள்ளே போனது. பாதி ஊசி போனது. இன்னும் போனது.

"பல்லு தப்பிச்சிட்டு மதினி. சனிக்கிழமை டாக்டருக்குப் போன் போட்டு வரலைன்னுருங்க."

ரப்பர் திரைக்கு அடியில் இசக்கியம்மாள் என்னவோ சொன்னாள். என்ன என்று விளங்கவில்லை. தொனியை வைத்துப் பார்த்தால் அவள் கணவனைப் பற்றித்தான்.

ஜமீலா ஊசியை வெளியே எடுத்து, குழியில் மறுபடி ஹைப்போவை நிரப்பினார்.

"என்னமோ கேட்டீங்களே அண்ணாச்சி. எது உசத்தின்னு. இப்போ கேளுங்க, சொல்லுதேன்."

சங்கரபாண்டியன் தலையைத் தூக்கவில்லை. மனைவியின் கையையும் விடவில்லை.

"செத்த நேரம் பேசாம இருங்க மேடம். அஞ்சாவதா ஒண்ணு இருக்கான்னு பாக்கேன்."