நாண் தொடும் இடம்

கொரியாவில், ஜொன்ஜு நகரத்துக்கு வெளியே, ஆற்றோரத்தில், பெண்கள் வில் பழகும் திடல் ஒன்று இருந்தது. அங்கே குருவாக இருந்தவள் குவோன் மி-சுக். நாற்பது ஆகவில்லை. மழையானாலும் பனியானாலும் உதட்டில் ரத்தச் சிவப்பாக லிப்ஸ்டிக் பூசிக்கொண்டுதான் வருவாள்.

அவள் முகவாயின் நடுவே மெல்லிய கோடு ஒன்று இறங்கியிருந்தது. வில்லை முழுக்க இழுக்கும்போது நாண் மூக்கு நுனியையும் உதட்டையும் தொட்டு, முகவாயில் அழுந்தி நிற்கும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றால்தான் அம்பு சொன்னபடி கேட்கும். அழுந்தி அழுந்தி, தோல் அந்த இடத்தை மனப்பாடம் செய்துகொண்டுவிட்டது.

சிஷ்யைகள் எல்லோருக்கும் அந்தக் கோடு உண்டு. போ-ராமுக்கு மட்டும் ஆழம் அதிகம். நாட்டின் அணிக்கு ஆள் எடுக்கும் போட்டியில் இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பியவள் அவள். மூன்றாவது போட்டி நெருங்கியிருந்தது. இன்னொரு முறைக்குத் தோள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அவள் அம்புகள் கெட்டுப்போயின. ஒன்று மேலே போனது. ஒன்று ஓரத்தில் குத்தியது. ஒன்று இலக்கையே தொடாமல் புல்லில் படுத்துக்கொண்டது.

"வில்லில் ஏதோ கோளாறு அம்மா" என்றாள் போ-ராம்.

குரு வில்லை வாங்கினாள். இழுத்தாள், விட்டாள். தூரத்து இலக்கில் அம்பு நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்துக்குள் போய் நின்றது.

"வில் நன்றாகத்தான் இருக்கிறது."

பிறகு கைப்பையைத் திறந்து லிப்ஸ்டிக்கை எடுத்தாள். நாணின் மேல் மேலும் கீழுமாகத் தேய்த்தாள். நாண் சிவந்தது.

"இழு."

போ-ராம் இழுத்தாள்.

"விடாதே. அப்படியே இறக்கு."

இறக்கினாள். குரு கைக்கண்ணாடியை நீட்டினாள். போ-ராமின் முகத்தில் ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்லை.

"நாண் உன்னைத் தொடவே இல்லையே" என்றாள் குரு. "எப்போதிலிருந்து?"

போ-ராம் போனை எடுத்துக் கொடுத்தாள். அதில் அவள் படம் இருந்தது. வசந்தகாலப் போட்டியில் ஜெயித்த அன்று எடுத்தது. படத்துக்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள். அம்பைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

'முகவாயில் என்ன, தையலா?'

'கொரியப் பெண் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இல்லை?'

'பாவம், இதைப் பார்த்துவிட்டு எவன் கட்டுவான்?'

குரு நிதானமாகப் படித்தாள். "இந்தக் கடைசி ஆளுக்கு எழுத்துப்பிழை நிறைய" என்றாள்.

"சிரிக்காதீர்கள் அம்மா. அக்கா ஒரு ஆஸ்பத்திரி முகவரி அனுப்பியிருக்கிறாள். கோட்டை எடுத்துவிடுவார்களாம். அப்படியே இமையையும் மடித்துத் தைத்துக்கொண்டால் கண் பெரிதாகுமாம். கூடப் படித்தவர்கள் எல்லாரும் செய்துகொண்டாயிற்று, நீ ஒருத்திதான் பிறந்த கண்ணோடு அலைகிறாய் என்கிறாள்."

"அக்கா செய்துகொண்டாளா?"

"ம். நன்றாகத்தான் இருக்கிறது."

"சந்தோஷம்."

"கோடு இன்னும் ஆழமாக வேண்டாமே என்று நாணைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். கொஞ்சம்தான். ஓர் அரிசி அளவு."

குரு இலக்கைப் பார்த்தாள். புல்லில் கிடந்த அம்பைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை போ-ராமைச் சுட்டது. "உங்களுக்கென்ன! காலையில் எழுந்ததும் அழகாகப் பூசிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். நான் மட்டும் அவலட்சணமாக நிற்க வேண்டுமா?"

பக்கத்து வரிசையில் வில்லோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குருவிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை.

குரு வாய்விட்டுச் சிரித்தாள்.

"எனக்குச் சிவப்புப் பிடிக்கும். பூசுகிறேன். வில்லை இழுத்தால் நாண் அதைத் துடைத்துக்கொண்டு போகும். மறுபடி பூசுவேன். மறுபடி துடைக்கும். இத்தனை வருஷமாக எங்கள் இருவருக்கும் இதுதான் வேலை. ஒருநாளும் அதைத் தள்ளி நில் என்று நான் சொன்னதில்லை."

போ-ராம் குனிந்துகொண்டாள்.

"அப்படியானால் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்கிறீர்களா?"

"போ. போகாமல் இரு. முகம் உன்னுடையது. ஆனால் வில்லை இழுத்துக்கொண்டே அங்கே போகாதே."

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. போ-ராம் வில்லை எடுத்து, நாணை முகவாய்வரை கொண்டுவந்து அழுத்தினாள். சில நாள் பிரிந்திருந்த தோல் எரிந்தது. கண்ணில் நீர் வந்தது. அதைத் துடைக்காமலே அம்பை விட்டாள்.

போட்டி நாள் வந்தது. மாலை வெயில் சாயும்போது அணியில் ஓரிடம்தான் மிச்சம். அதற்கு இருவர் சமமாக நின்றார்கள். ஒருத்தி போ-ராம். இன்னொருத்தி பூசானிலிருந்து வந்த உயரமான பெண். ஆளுக்கு ஓர் அம்பு. யாருடையது நடுவுக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அவளுக்கு இடம்.

பூசான் பெண் முதலில் விட்டாள். மஞ்சளுக்குள், நடுவிலிருந்து விரற்கடை தள்ளிக் குத்தியது. கூட்டம் கைதட்டியது. அது கைதட்ட வேண்டிய அம்புதான்.

போ-ராம் எழுந்தாள். குருவிடம் கையை நீட்டினாள்.

"அம்மா, உங்கள் லிப்ஸ்டிக்."

காமிராக்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தன் நாணைத் தானே சிவப்பாக்கினாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் அம்பு எய்யும் கோட்டில் போய் நின்றாள். இழுத்தாள். நாண் மூக்கு நுனிக்கு வந்தது, உதட்டுக்கு வந்தது, முகவாயில் தன் பழைய பள்ளத்தில் இறங்கி அமர்ந்தது.

விட்டாள்.

அம்பு நடுப்புள்ளியில் நின்றது. நடுவைத் தவிர வேறெங்கும் அது இல்லை.

ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொன்னது கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. பழகும் திடலிலிருந்து வந்திருந்த பெண்கள் வேலியைத் தாண்டி ஓடிவந்தார்கள். போ-ராமின் அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்து, அவளைக் கட்டிக்கொண்டு, மடித்துத் தைத்த பெரிய கண்களால் அழுதாள். அவள் கன்னத்திலும் சிவப்பு ஒட்டியது.

நிருபர்கள் சூழ்ந்தார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தட்டுத்தடுமாறிய கொரிய மொழியில் கேட்டார்: "கொரியப் பெண்களின் முகம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது என்று உலகமே பேசுகிறது. நீங்கள் முகத்துக்கு என்ன போடுகிறீர்கள்?"

போ-ராமின் மூக்கு நுனியிலிருந்து முகவாய்வரை சிவப்புக் கோடு ஓடியது.

"நாண்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. சட்டைப்பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "படம் எடுக்க வேண்டும். முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது. துடைத்துக்கொள்ளுங்கள்."

போ-ராம் குருவின் பக்கம் திரும்பினாள். "துடைக்கட்டுமா அம்மா?"

குரு, மிச்சமிருந்த லிப்ஸ்டிக்கைத் தன் உதட்டில் பூசிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு உறுத்துகிறதா?"

"இல்லை அம்மா."

"அப்படியானால் அவர் தன் கண்ணைத் துடைத்துக்கொள்ளட்டும்."