வெல்லம் வருது

காற்று உத்தரவு கொடுத்தால்தான் கப்பல் கிளம்பும் என்றிருந்த காலத்தில், ராஜா எங்கேயோ யானை மேல் போய்க்கொண்டிருந்த காலத்தில், கடலுக்குச் சற்று மேற்கே, ஆற்றங்கரையில் ஓர் ஊர் இருந்தது. ராஜாவை இத்துடன் விட்டுவிடுவோம். இந்தக் கதைக்கு அவர் தேவையில்லை. இது தூண்டில் போட்ட நாலு பேரின் கதை.

பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். அது எந்த ஊர் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். போன இடத்திலெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன், எல்லா இடத்திலும் யாராவது ஒருத்தர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன்.

அந்த ஊரில் சாவகத் தீவிலிருந்து வந்த ஒருவன் இருந்தான். அவன் வந்த கப்பல் புயலில் உடைந்துவிட்டது. கைக்குக் கிடைத்த பலகையைப் பிடித்துக்கொண்டு கரை ஒதுங்கினான். கயிறு திரிக்கும் வேலையில் சேர்ந்தான். சேந்தி என்ற உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அங்கேயே தங்கிவிட்டான்.

அவன் பெயர் கேபோ. அவன் பாஷையில் எருமை என்று அர்த்தம். அங்கே பலசாலிக்கு வைக்கிற பெயர் அது. நம் ஊர்க்காரர்கள் அவனைக் கேப்பை என்று கூப்பிட்டார்கள்.

கேபோவுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. நாக்கை மடித்துச் சொல்ல வேண்டிய ளகரமும் ழகரமும் மட்டும் வரவில்லை. கடையில் போய்ப் புளி கேட்டால் புலி என்று வரும். "புலி காட்டுல இருக்கு, போய்ப் பிடிச்சுக்க" என்பான் கடைக்காரன். சேந்தி அடுப்படியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"நாக்க மடிங்க. மேல தொடுங்க. எங்க, சொல்லுங்க, புளி."

"புலி."

"வள்ளி."

"வல்லி."

"விடுங்க. சோறு ஆறுது, சாப்பிடுங்க."

பாடம் தினமும் இப்படித்தான் முடியும்.

நாள் முழுக்கக் கயிறு திரித்த கை சாயங்காலம் திகுதிகுவென்று எரியும். அந்தக் கையில் தூண்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தால் எரிச்சல் மறந்துபோகும். அவன் பிறந்த தீவிலும் ஓர் ஆறு உண்டு. ஆற்றங்கரையில் உட்கார ஓர் இடம் இருந்தால்தான் ஒருவன் ஊர்க்காரன் என்று அங்கே நினைப்பார்கள். அந்த ஓர் இடத்தைத்தான் அவன் இங்கேயும் தேடினான். அவனுக்கு வேறு ஆசை ஒன்றும் கிடையாது.

துறையில் ஏற்கெனவே மூன்று பேர் தூண்டில் போடுவார்கள். பூதனுக்கு வாய் நீளம். கொற்றனுக்குக் கை நீளம். ஆதனுக்கு இரண்டும் கிடையாது. மற்ற இருவரும் என்ன சொன்னாலும் என்ன செய்தாலும் சிரிப்பான், அவ்வளவுதான்.

முதலில் கேபோ தட்டைப் பாறையில் உட்கார்ந்தான். "இது எங்க பாட்டன் உட்கார்ந்த பாறை, எந்திரி" என்றான் பூதன். ஆதன் சிரித்தான். கேபோ எழுந்துகொண்டான்.

அடுத்து மருத மரத்தடியில் உட்கார்ந்தான். "மஞ்சப் பூசின மூஞ்சி. உன் நிழல் தண்ணியில விழுந்தா மீனு மிரண்டு ஓடுது. தள்ளிப் போ" என்றான் பூதன். ஆதன் சிரித்தான். கேபோ தள்ளிப் போனான்.

மூன்றாவதாகப் படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்தான். இந்தத் தடவை பூதன் பேசக்கூட இல்லை. கொற்றன் வந்து அவனுடைய இரைச் சட்டியைக் காலால் தள்ளிவிட்டான். மண்புழுவெல்லாம் ஆற்றோடு போயின. "உங்க ஊர்லயும் ஆறு இருக்குமில்ல? அங்க போய்ப் போடேன்" என்றான். ஆதன் அதற்கும் சிரித்தான்.

கேபோ நடந்தான். துறைக்கு மேலே, ஆறு முழங்கை மடக்கித் திரும்பும் வளைவுக்குப் போய் உட்கார்ந்தான். கரை அங்கே மேடு. தண்ணீரெல்லாம் வேரும் முள்ளும். மீன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. அங்கிருந்து மேற்கே ஆறு வரும் வழி நெடுந்தூரம் தெரியும். பார்த்துக்கொண்டு உட்காரலாம், அதற்கு மேல் அந்த இடத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அந்தத் துறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய மீன் சிக்கினால், தூக்குவதற்கு முன் அதன் பெயரைச் சொல்லிக் கூவ வேண்டும். காதில் விழுந்தவர்கள் தங்கள் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடிவந்து கை கொடுக்க வேண்டும். மீனில் எல்லோருக்கும் பங்கு. நல்ல வழக்கம்தான். வளைவுக்கு வழி தவறி வந்த ஒரு விரால் ஒருநாள் கேபோவின் தூண்டிலில் சிக்கியது. அவனும் சந்தோஷமாகக் கூவினான். மூன்று பேரும் ஓடி வந்தார்கள், தூக்கினார்கள், மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "பங்கு துறைக்காரனுக்கு. நீ எந்தத் துறைக்காரன்?" என்று கேட்டுவிட்டுப் போனான் கொற்றன்.

அதற்குப் பிறகு கேபோ கூவுவதில்லை. எப்போதாவது பெரிய மீன் சிக்கினால் பேசாமல் தூண்டில் நரம்பை அறுத்துவிடுவான்.

அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பான். பெயருக்கு ஏற்ற உடம்பு அவனுக்கு. ஆனால் தினமும் ஒரு சொல், தினமும் ஒரு சிரிப்பு. அதை எங்கே பிடித்து அடிப்பது? கயிறு திரித்து வராத அலுப்பு அவனுக்கு ஆற்றங்கரையில் வந்தது. ஒருநாள் வீட்டுக்கு வந்து தூண்டிலை மூலையில் சாத்தினான்.

"போயிடலாம் சேந்தி. காத்து திரும்பினதும் சாவகத்துக்குக் கப்பல் கிலம்பும்."

சேந்தி அந்த மண்ணில் பிறந்தவள். கடலைக் கண்டாலே அவளுக்குத் தலை சுற்றும். அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு துணிமணியை எல்லாம் எடுத்து மூட்டை கட்டினாள். கட்டும்போது அழுதாள். அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

காற்று திரும்பியது. கப்பல் கிளம்ப இருந்த நாளுக்கு முதல் நாள் பிற்பகலில், ஆற்றிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று கேபோ கடைசியாக ஒரு முறை வளைவுக்குப் போனான். ஆனி மாதக் கடைசி. ஊரில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆறு வற்றி நடுவில் ஒரு மணல்திட்டு எழும்பியிருந்தது. திட்டுக்கு அப்பால் ஆழமான மடு, மீனெல்லாம் அதில்தான். பூதனும் கொற்றனும் ஆதனும் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்த் திட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

கேபோ மேற்கே பார்த்தான். நெடுந்தூரத்தில் கொக்குகள் மொத்தமாக எழும்பின. ஆற்றின் நிறம் அங்கே மாறியிருந்தது. செம்மண் கரைத்த தண்ணீர் நுரை கட்டிக்கொண்டு, வேரோடு சாய்ந்த வாழைகளை உருட்டிக்கொண்டு வந்தது. மலையில் எங்கேயோ கொட்டித் தீர்த்திருக்கிறது. வளைவு மறைத்ததால் திட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கேபோ எழுந்து நின்று கத்தினான். "வெல்லம் வருது! வெல்லம் வருது!"

திட்டில் மூன்று தலைகள் திரும்பின.

"வெல்லமா? இரு, பானை கொண்டாரோம்!" என்றான் பூதன். ஆதன் சிரித்தான்.

"வெல்லம்! ஏறி வாங்க! வெல்லம்!"

"பனை வெல்லமா கரும்பு வெல்லமா, கேட்டுச் சொல்லு!" என்றான் கொற்றன். ஆதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கேபோ நாக்கை மடித்தான். மேலே தொட்டான். சேந்தி சொல்லிக்கொடுத்தபடியெல்லாம் செய்தான். மூன்றாம் தரமும் வெல்லம்தான் வந்தது. திட்டில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கத்தியாகிவிட்டது. ஒரு தரம் இல்லை, மூன்று தரம். இதற்கு மேல் அவன் சும்மா இருந்தாலும் யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. சாகட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. மறைப்பானேன், வந்தது. நாளைக்குக் கப்பல் ஏறப்போகிறவனுக்கு இந்த மூன்று பேரும் யார்?

ஆனால் இவர்களை விட்டுவிட்டுப் போனால் இவர்கள் முகமும் கூடவே கப்பல் ஏறும் என்று தோன்றியது. உயிரோடு இருந்தபோதே இவர்களால் தூக்கம் போயிற்று, செத்த பிறகுமா? அலுப்போடு யோசித்தான். நான் என்ன சொன்னால் இவர்கள் ஓடி வருவார்கள்? ஒரே ஒரு தரம் ஓடி வந்தார்களே, அது எதற்கு?

சட்டென்று தூண்டிலை வீசித் தண்ணீருக்குள் கிடந்த வேரில் மாட்டினான். பின்னுக்குச் சாய்ந்து பலங்கொண்ட மட்டும் இழுத்தான். கம்பு வில்லாக வளைந்தது. தொண்டை கிழியக் கூவினான்.

"விரால்! பெரிய விரால்! விரால்!"

அந்தச் சொல்லில் நாக்கை மடிக்கிற வேலை இல்லை. துறைக்காரன் வாயில் வருவதுபோலவே சுத்தமாக வந்தது.

மூன்று பேரும் தூண்டிலைக் கீழே போட்டார்கள். தண்ணீரில் தபதபவென்று ஓடினார்கள். "கேப்பைக்கு விராலா? விட்றாதே, அமுக்கு!" என்று கத்திக்கொண்டு கரையேறினார்கள். கை கொடுக்க இல்லை, பிடுங்கிக்கொள்ளத்தான் ஓடினார்கள். அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கூவினான்.

கொற்றன் கம்பைப் பறித்து இழுத்தான். முள்ளும் பாசியுமாக ஒரு வேர் வெளியே வந்தது.

"எங்கடா விரால்?" பூதன் கையை ஓங்கினான். "எங்களையே ஏமாத்துறியா, பரதேசி?"

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. காலடியில் கரை அதிர்ந்தது. வளைவைச் சுற்றிக்கொண்டு ஆறு வந்தது. திரும்பிப் பார்த்தார்கள். திட்டு இருந்த இடத்தில் திட்டு இல்லை. அவர்கள் தூண்டில் இல்லை, மீன் கூடை இல்லை, படித்துறையில் பாதியும் இல்லை.

"வெள்ளம்..." என்றான் பூதன். கையை இறக்கினான். பிறகு கேபோவைப் பார்த்து, "ஏன்டா, இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டான்.

"சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"வெல்லம்."

இந்தத் தடவை ஆதன் சிரிக்கவில்லை.

பூதன் மட்டும், "ஒழுங்காச் சொல்லியிருந்தா அப்பவே வந்திருப்போமே" என்று முணுமுணுத்துக்கொண்டு போனான். உயிர் பிழைத்தவனுக்கும் யார் மேலாவது பழி போட்டால்தான் நெஞ்சு ஆறுகிறது. கொற்றன் தரையைப் பார்த்தபடியே அவன் பின்னால் போனான். பிறகு பூதன் தட்டைப் பாறையில் கேபோ உட்காரலாம் என்று ஆள் விட்டுச் சொன்னதாகக் கேள்வி. கேபோ அங்கே போகவில்லை. அதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே, அது அவனிடம் மிச்சம் இல்லை.

வெள்ளத்தில் ஆறு கடலில் சேரும் முகத்துவாரமே மாறிவிட்டதால் கப்பல் கிளம்பச் சில நாள் தள்ளிப் போயிற்று. தண்ணீர் வடிந்த சாயங்காலம் கேபோ வளைவில் உட்கார்ந்திருந்தான். ஆதன் புதுத் தூண்டிலோடு வந்து நின்றான்.

"இங்க உட்காரலாமா?"

அந்தக் கரையில் இத்தனை காலமும் உட்கார இடம் தேடி அலைந்தவன் கேபோதான். அவனிடம் யாரும் கேட்டதில்லை. சற்று நகர்ந்து இடம் விட்டான்.

"நான் உங்கள ஒரு வார்த்தை சொன்னதில்லங்க" என்றான் ஆதன்.

"சிரிச்சீங்க."

"ஆமா. சிரிச்சேன்." ஆதன் தூண்டிலைத் தண்ணீரில் வீசினான். "உங்க ஊர்ல வெள்ளத்துக்கு என்ன பேரு?"

"பஞ்சிர்."

"பஞ்சி... பஞ்சு."

"பஞ்சிர்."

"பஞ்சு" என்றான் ஆதன் பாவமாக. எத்தனை முயன்றும் அவனுக்குப் பஞ்சுதான் வந்தது.

கேபோ மேற்கே கையை நீட்டினான். "பஞ்சு வருது! மெத்தை கொண்டா!" என்றான். முதலில் ஆதன் விழித்தான். பிறகு சிரித்தான். கேபோவும் சிரித்தான். அந்தக் கரையில் கேபோ சிரித்தது அன்றுதான்.

வீட்டில் சேந்தி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் தூண்டிலை மூலையில் சாத்திவிட்டு வந்து அவள் எதிரே நின்றான்.

"கிலம்பல" என்றான்.

அவள் அதைத் திருத்தவில்லை. மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.

கதை முடிந்தது, நானும் எழுந்திருக்கிறேன். கேட்டவர்கள் இதை மட்டும் கொண்டுபோங்கள்: ஒருவன் எந்த மண்ணில் பிறந்தான், எப்படிப் பேசுகிறான் என்று பார்த்துச் சிரிக்கிறவன், தன் உயிரைக் காக்க அவன் சொல்லும் சொல்லையும் சிரித்தே இழந்துவிடுவான்.