கொள்ளைக்காரத் தவளையின் பள்ளிக்கூடம்

தாமரைக் குளத்து நண்டுக் குஞ்சுகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் பூங்காவனம் என்ற தவளை படாத பாடு பட்டது. "அ" என்று ஆரம்பித்தாலே போதும், அத்தனை வாண்டுகளும் பக்கவாட்டில் நழுவிவிடும்!

பூங்காவனம் சளைக்குமா? மறுநாள் ஒரு கண்ணை இலையால் மறைத்துக்கொண்டு தாமரை இலைமேல் ஏறி நின்றது.

"நான்தான் கடற்கொள்ளையர் தலைவி! புதையல் இருக்கும் இடத்தைச் சேற்றில் எழுதி வெச்சிருக்கேன். படிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் புதையல்!"

அவ்வளவுதான்! குஞ்சுகள் விழுந்தடித்து ஓடிவந்தன. "கல்" என்று சரியாகப் படித்தால் கல்லுக்கடியில் நெல்மணி. "கள்" என்று படித்தால் வெறுங்கொடுக்கோடு திரும்ப வேண்டியதுதான். அடடா, என்ன கெட்டிக்காரத் தவளை!

தாய் நண்டு வடிவுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன டீச்சர், படிப்புச் சொல்லிக்குடுங்கன்னா கொள்ளையடிக்கச் சொல்லிக்குடுக்கறீங்க? நாளையிலேருந்து என் குஞ்சு கடுகை அனுப்பமாட்டேன்!"

பூங்காவனத்துக்கு முகம் வாடிவிட்டது. கடுகுதான் வகுப்பிலேயே சுட்டி.

இதையெல்லாம் புதரிலிருந்து ஒரு நரி பார்த்துக்கொண்டே இருந்தது. ஒளிந்திருந்து அதுவும் அரைகுறையாக எழுத்துப் பழகியிருந்தது. "எழுத்தைக் கண்டாலே ஓடி வருதுங்களே! நானும் எழுதினா என்ன?"

அக்கரையில் குழி தோண்டி, யாரோ விட்டுப்போன மீன்வலையை அதற்குள் விரித்தது. நண்டு குடியிருக்கும் பொந்துக்குப் பெயர் வளை. அதனால் 'புதையல் வளைக்குள்ளே' என்று எழுத நினைத்தது. பெரிய ளை போடுவதா, சின்ன லை போடுவதா?

"எதைப் போட்டா என்ன! நண்டுக்கு என்ன தெரியப்போகுது!" என்று சின்ன லை-யைப் போட்டுவிட்டு ஒளிந்துகொண்டது.

எழுத்தைப் பார்த்ததும் குஞ்சுகள் பாய்ந்தன. அம்மாவின் பிடியிலிருந்து நழுவி வந்த கடுகுதான் முன்னால். இக்கரையிலிருந்த பூங்காவனம் புதருக்குள் நரியின் வாலைப் பார்த்துவிட்டது.

"ஐயோ, போகாதீங்க!" என்று கத்தியது. மற்றத் தவளைகள் போட்ட கூச்சலில் அது யார் காதில் விழும்? "என் கண்ணே!" என்று கடுகைத் தேடி வந்த வடிவு பதறியது.

குழியின் வாயில் கடுகு நின்றது. எழுத்துக் கூட்டிப் படித்தது.

"பு-தை-யல்... வ-லை... டேய், நில்லுங்கடா! இது சின்ன லை! வளை இல்லடா, வலை!"

"வலையா! ஓடுங்கடா!"

ஏமாந்த நரி ஆத்திரத்தில் பாய்ந்தது. தன் வலையிலேயே நாலு காலும் மாட்டிக்கொண்டது! "பொய் எழுத நெனச்சு உண்மையை எழுதித் தொலைச்சேனே!" என்று ஊளையிட்டது.

வடிவு கடுகை அணைத்துக்கொண்டு அழுதது. பிறகு பூங்காவனத்திடம் கூச்சத்தோடு கேட்டது: "டீச்சர், உங்க கொள்ளைக் கப்பல்ல எனக்கும் ஒரு இடம் கிடைக்குமா? எனக்கும் எழுத்துத் தெரியாது."

குழந்தையின் ஆசையைப் பிடித்துக்கொண்டு சொல்லித்தரும் பாடம், சொல்லித்தந்தவர் எட்ட முடியாத இடத்திலும் குழந்தையைக் காப்பாற்றும்.