கொல்லை வாசலில் ஒரு காலி வண்டி

முன்னொரு காலத்தில் மருதங்காடு என்ற நாட்டை அதிசயசிங்கன் என்ற ராஜா ஆண்டார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் ஓர் உத்தரவு போடுவார், சாப்பிட்டதும் அதை ரத்து செய்வார், பிறகு தூங்கிவிடுவார்.

அவருடைய அரண்மனையில் பட்டப்பகலிலும் எல்லா விளக்கும் எரியும். பாட்டனார் காலத்தில் ஒருநாள் நண்பகலில் சூரிய கிரகணம் பிடித்தது. "எல்லா விளக்கையும் ஏற்றுங்கள்" என்றார் பாட்டனார். கிரகணம் விட்டது, விளக்கைக் குளிரவைக்கச் சொல்ல அவர் மறந்துவிட்டார். ராஜா ஏற்றச் சொன்ன விளக்கை அமர்த்துவது அபசகுனமா, ராஜத்துரோகமா என்று பண்டிதர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததால், விஷயம் அப்படியே நின்றுவிட்டது. செத்துப்போன யானையின் கொட்டிலில்கூட விளக்கு எரிந்தது.

இதில் பெருமை கண்டவர், உக்கிராணம் என்ற அரண்மனைச் சரக்கறைக்கு அதிகாரியான திருமேனிநாதர். எண்ணெய், விறகு, தண்ணீர், காய்கறி எல்லாம் அவர் பொறுப்பு. தாராளம்தான் அரண்மனைக்கு அழகு என்பது அவர் கொள்கை. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு குறை: மந்திரியின் ஆசனத்தில் அம்பலவாணர் உட்கார்ந்திருந்தார்.

ஆவணியில் ஒருநாள் ராஜா சபையில் சீறினார். "போன கார்த்திகைக்கு மேல்மாடத்து விளக்கு பாதியில் நின்றுவிட்டது. எண்ணெய் இல்லையாம்! மழைக்காலத்தில் வெந்நீருக்கு விறகும் இல்லையாம்!"

திருமேனிநாதர் எழுந்தார். "பிரபு, ஊருக்கு வடக்கே இலுப்பைத் தோப்பு சும்மாதான் நிற்கிறது. வெட்டினால் விறகு. எண்ணெயை வீட்டுக்கு ஒரு படி வசூலித்துக்கொள்ளலாம்."

"தோப்பை வெட்டிவிட்டால் இலுப்பை எண்ணெய்க்கு எங்கே போவீர்?" என்றார் அம்பலவாணர்.

"அது அடுத்த வருஷத்துக் கவலை, மந்திரியாரே."

ராஜா கையை உயர்த்தினார். "அம்பலவாணரே, குறை சொல்வது சுலபம். மரம் வெட்டாமல், குடிகளிடம் வாங்காமல், கார்த்திகைக்குள் உக்கிராணத்தை நிரப்பும். நிரம்பாவிட்டால் தோப்பும் போகும், உம் பதவியும் போகும். பதவி திருமேனிநாதருக்கு."

"உத்தரவு, மகாராஜா. ஒரே வேண்டுகோள். அதுவரை அரண்மனை கழித்துவிடுவதெல்லாம் எனக்கு. கொல்லை வாசலில் ஒரு வண்டி நிறுத்திக்கொள்கிறேன்."

சபை சிரித்தது. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குப்பைக்கு அதிபதி நீரே" என்றார்.

மறுநாள் உச்சிவேளைக்குள் வண்டி நிரம்பிவிட்டது. ஆளில்லாத அறைகளில் விளக்கிலிருந்து வழிந்த எண்ணெய், சமையல் முடிந்தும் எரிந்துகொண்டிருந்த கொள்ளிக்கட்டைகள், சாக்கடைக்குப் போகவிருந்த குளியல் தண்ணீர் குடம் குடமாக. மாடத்திலிருந்து எட்டிப் பார்த்த திருமேனிநாதரை நோக்கி அம்பலவாணர் பணிவாகக் கும்பிட்டார்.

"எல்லாம் தங்கள் தாராளம், ஐயா! இப்படியே நடத்துங்கள். பாதி உக்கிராணம் இங்கேதான் வருகிறது!"

திருமேனிநாதருக்கு அன்று சோறு இறங்கவில்லை. வீட்டில் மனைவி கோமளவல்லியைக் கூப்பிட்டார். "பருப்பு வேக எவ்வளவு விறகு பிடிக்கும்?"

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "கல்யாணமான நாளிலிருந்து அடுப்பைப் பற்றி நீங்கள் கேட்டதில்லையே. உடம்புக்கு என்ன?"

"சொல்லடி. அந்த மந்திரிக்கு ஒரு கொள்ளிக்கட்டைகூடக் கிடைக்கக்கூடாது."

"முன்கூட்டியே ஊறப்போட்டால் பாதி விறகு போதும். பானையை மூடினால் இன்னும் குறையும். வெந்ததும் விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தால் மறுவேளைக்கு ஆகும். அரண்மனையில் இதெல்லாம் கிடையாதா?"

"மூடினால் மணம் ஊருக்குத் தெரியாதே என்று திறந்தே வேகவைக்கிறோம்."

"நல்ல மணம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அதன் பிறகு அரண்மனையில் திருமேனிநாதர் நுழையாத மூலை இல்லை. ஆளில்லாத அறை விளக்குகளைத் தன் கையாலேயே அமர்த்தினார். பண்டிதர்கள் வாயெடுத்தபோது, "பாவம் என் தலையில் விழட்டும்" என்றார். பானைகளுக்கு மூடி செய்வித்தார். குளியல் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பினார். ராஜாவின் பட்டாடையை உலர்த்த மூட்டியிருந்த கணப்பை அணைத்துவிட்டு, சலவைக்காரருக்கு வெயிலைக் காட்டினார். காய்கறித் தோலைப் பசுக்களுக்குப் போட்டார். கொல்லை வாசலில் வண்டி நாளுக்கு நாள் காலியாயிற்று. அவர் முகம் நாளுக்கு நாள் நிறைந்தது. உக்கிராணத்துக்குள் மட்டும் அவர் போகவில்லை. அங்கே தூசி, அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

கார்த்திகை வந்தது. சபையில் திருமேனிநாதர் நெஞ்சை நிமிர்த்தினார். "பிரபு, மந்திரியாரின் வண்டியைப் பாருங்கள். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஒரு சுள்ளி இல்லை. நான் விடவில்லை!"

"உண்மைதான்" என்று அம்பலவாணர் தலை குனிந்தார். "வண்டி சுத்தமாகக் காலி. ஆனால் மகாராஜா நிரப்பச் சொன்னது உக்கிராணத்தை. ஒருமுறை திறந்து பார்த்துவிடலாமே."

திறந்தார்கள். எண்ணெய்த் தாழிகள் கழுத்துவரை நின்றன. விறகு உத்தரத்தை முட்டியது. ராஜா தாழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"யார் நிரப்பியது?"

"திருமேனிநாதர்தான், மகாராஜா. வழக்கமாக வரும் எண்ணெயையும் விறகையுமே, எனக்குக் கிடைக்கக்கூடாது என்று சிந்தாமல் சிதறாமல் காப்பாற்றினார். நான் சொல்லியிருந்தால் செய்திருக்க மாட்டார்."

ராஜா திரும்பினார். "அப்படியானால் திருமேனிநாதரே, இத்தனை வருஷமாக இதெல்லாம் எங்கே போயிற்று? இதற்காகவா தோப்பை வெட்டச் சொன்னீர்?"

திருமேனிநாதர் வாயைத் திறந்தார். தானே நிரப்பினேன் என்றால் முன்பு பாழடித்ததும் தானே என்றாகும். இல்லையென்றால் மந்திரி ஜெயித்ததாகும். வாயை மூடிக்கொண்டார்; அன்று அரண்மனையில் மூடிய கடைசிப் பாத்திரம் அதுதான்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணருக்குப் போட்டார். "வேறு என்ன வேண்டும்?"

"தோப்பு இருக்கட்டும். அந்த வண்டியும் இருக்கட்டும், மகாராஜா. அங்கேயே நிற்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்ற ராஜா, சாப்பிட்ட பிறகு அதை ரத்து செய்யத்தான் நினைத்தார். ஆனால் அவருடைய அறையிலும் இப்போது பகல் விளக்கு இல்லை, படுத்ததும் தூங்கிப்போனார்.

மருதங்காட்டில் வெகுகாலம் அந்த வண்டி நின்றது. தினமும் காலையில் திருமேனிநாதர் கொல்லை வாசலுக்கு வந்து, அது காலியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் கஞ்சி குடிப்பார்.